குழந்தை ஜீவனாம்ச பாக்கி ஏறிவிட்டது, வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது: நீதிமன்றத்தில் என்ன கேட்கலாம்?

வடக்குவீதி:

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு குடும்ப நல நீதிமன்றம் 2023-இல் பழைய சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 125-இன் கீழ் போட்ட உத்தரவு பற்றிய கேள்வி இது. மகனுக்கு வயது ஏழு. அவனுக்கு மட்டும் மாதம் 8,000 ரூபாய். அவன் அம்மா தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. உத்தரவு வந்தபோது பிடித்தம் போகக் கையில் வந்த சம்பளம் 31,000. பிறகு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். இப்போது ஒப்பந்த வேலை, கையில் 14,000.

14 மாதமாக முழுத் தொகை கட்டவில்லை. உத்தரவுக் கணக்குப்படி 1,12,000. இடையில் யுபிஐ வழியாக 3,000 வீதம் ஐந்து முறை அனுப்பியது 15,000. பள்ளியில் நேரடியாகக் கட்டிய கட்டணம் 18,000, ரசீது இருக்கிறது. இப்போது பாக்கி வசூலுக்கு மனு போட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. இன்னும் வக்கீல் வைக்கவில்லை.

பாக்கியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்க முடியுமா? தொகையைக் குறைக்க முடியுமா? பள்ளிக் கட்டணம் கணக்கில் வருமா? உடனே சிறைக்கு அனுப்பிவிடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருப்பங்கி:

சார், தள்ளுபடி என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பாக்கியைக் கட்ட அவகாசமும் தவணையும் கேட்கலாம். இனி வரும் மாதங்களுக்குத் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துச் சரியான கணக்குப் போடச் சொல்லலாம். இந்த மூன்றும் கிடைக்க வாய்ப்புள்ளவை. "வேலை போய்விட்டது, அதனால் பழைய பாக்கியை அழித்துவிடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. அப்படி எழுதினால் மற்ற மூன்று கோரிக்கைகளையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் படிப்பார்.

காரணம் இதுதான். மாதம் பிறந்து தொகை கொடுக்க வேண்டிய நாள் கடந்ததும் அது குழந்தைக்குச் சேர வேண்டிய பணமாகிவிடுகிறது. சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றிக்கொள்ள வழி விடுவது பழைய சட்டத்தின் 127-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 146. அந்தப் பிரிவின் கீழ் தொகை குறைந்தாலும், குறைப்பு பெரும்பாலும் மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தோ உத்தரவுத் தேதியிலிருந்தோதான் நடப்புக்கு வரும். அதற்கு முந்தைய மாதங்களுக்குப் பின்னோக்கிப் போகாது. வேலை போன மாதமே மனு போட்டிருந்தால் இந்த 14 மாதத்தின் கணக்கு வேறாக இருந்திருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த வாரமே தாக்கல் செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் இன்னொரு 8,000.

எனவே உங்களுக்கு இரண்டு காகிதங்கள் வேண்டும். வசூல் மனுவுக்கு எதிருரை ஒன்று. அதே நீதிமன்றத்தில் 146-இன் கீழ் தொகை மாற்ற மனு தனியாக ஒன்று. பலர் எதிருரையிலேயே "தொகையைக் குறைக்க வேண்டும்" என்று ஒரு பத்தி எழுதிவிட்டு, மனுப் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வசூல் மனுவை விசாரிக்கும்போது நீதிமன்றம் உத்தரவுக்குப் பின்னால் போய்த் தொகையை மாற்றாது. தனி மனு, தனி எண், தனி நோட்டீஸ் இருந்தால்தான் அந்தக் கோரிக்கை உயிரோடு இருக்கும். உத்தரவு பழைய சட்டத்தில் வந்தது என்பதால் மனுத் தலைப்பில் இரண்டு பிரிவு எண்களையும் எழுதுங்கள், திருப்பி அனுப்ப இடம் இருக்காது. இரண்டு மனுக்களையும் ஒன்றாக விசாரிக்க வேண்டும் என்று ஒரு மெமோவும் (சிறு எழுத்துக் குறிப்பு) கொடுங்கள்.

எதிருரையில் பார்க்க வேண்டிய ஒரு கணக்கு. 125(3)-இல் (இப்போது 144(3)) வரம்பு விதிக்கும் காப்புரைப்படி, தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் அதற்கு வாரண்ட் போட முடியும். வசூல் மனுத் தாக்கலான தேதியிலிருந்து பின்னோக்கி 12 மாதம் எண்ணுங்கள். 12 மாதத்துக்கு 96,000. மிச்சம் இரண்டு மாதத்து 16,000-க்கு இந்த மனுவில் வாரண்ட் கேட்க முடியாது. ஆனால் அந்த 16,000 ஒழிந்துபோகவில்லை. இந்தக் காப்புரை கடனை அழிப்பதில்லை, சிவில் வழியில் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. எஸ்.சி.சி. என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் (2013) 10 எஸ்.சி.சி. 618 பாருங்கள். அதனால் இதை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம். கணக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

பள்ளிக் கட்டணம் பற்றி: உத்தரவு "தாயிடம் கொடுக்க வேண்டும்" என்று இருந்தால், பள்ளியில் கட்டியது தானாகக் கழியாது. ரசீதை வைத்துக் கோரலாம், நீதிபதியின் விருப்புரிமை. எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால் இரு தரப்பும் கையெழுத்திட்ட மெமோ போதும். அதுதான் சுலபமான வழி. யுபிஐ 15,000 கட்டாயம் கழிய வேண்டும், ஆனால் எந்த மாதத்துக்கு என்பதில் தகராறு வரும். குறிப்பு எதுவும் எழுதாமல் அனுப்பியிருந்தால் மிகப் பழைய பாக்கிக்குத்தான் வரவு வைப்போம் என்பார்கள். அப்படி வைத்தால் அந்த 16,000-இல் 15,000 கழிந்து, வாரண்ட் கேட்கக்கூடிய 96,000 அப்படியே நிற்கும். இனி அனுப்பும்போது "ஜூன் மாத ஜீவனாம்சம்" என்று மாதத்தின் பெயரோடு குறிப்பு எழுதி அனுப்புங்கள்.

நகல்பிரிவு:

மேலே சொன்னதெல்லாம் சரி. மனு நிற்பதும் விழுவதும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தில்தான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக.

2020 நவம்பர் 4-ஆம் தேதித் தீர்ப்பில், (2021) 2 எஸ்.சி.சி. 324, உச்ச நீதிமன்றம் இதற்கென்று ஒரு படிவம் வகுத்திருக்கிறது. தீர்ப்பின் பின்னிணைப்பில் இருக்கிறது. சம்பளக்காரர், தொழில் செய்பவருக்கு முதல் இணைப்பு. விவசாய வருமானக்காரருக்கு இரண்டாவது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். தொகையைக் குறைக்கக் கேட்டு வருபவர் இதை நீதிபதி கேட்கும் வரை வைத்திருக்கக் கூடாது, மனுவோடு சேர்த்தே போட வேண்டும். பொய் சொன்னால் பொய்ச் சாட்சிய நடவடிக்கைக்கும் (பழைய 340, இப்போது 379) இடம் உண்டு.

"வேலை இல்லை" என்ற வாக்கியத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பே கிடையாது. என்றைக்கு, ஏன், எப்படிப் போனது என்பதற்குக் காகிதம் வேண்டும். நிறுவனம் மூடிய அறிவிப்பு அல்லது பணிநீக்கக் கடிதம். கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள். பிறகு, பலர் மறந்துவிடும் மிக வலுவான ஒன்று: பி.எஃப். பாஸ்புத்தகம். எந்த மாதம் வரை நிறுவனத்தின் பங்களிப்பு வந்தது, எந்த மாதத்தோடு நின்றது என்று அதில் பதிவாகியிருக்கும். உங்கள் வாய்மொழியை யாரும் நம்ப வேண்டிய தேவையே இல்லாமல் அது பேசும். இப்போதைய ஒப்பந்த வேலையின் கடிதம், சம்பளம் வரவாகும் வங்கிக் கணக்கு, வருமான வரித் தளத்தில் இறக்கும் 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்த அறிக்கை. வேலை தேடிய மின்னஞ்சல்கள், நேர்முகத் தேர்வு அழைப்புகள் இருந்தால் அவற்றையும் அச்செடுத்து வையுங்கள். மருத்துவக் காரணம் இருப்பவர்கள் மருத்துவமனை வெளியேற்றக் குறிப்பு, மாற்றுத்திறன் சான்று சேர்க்க வேண்டும். "உடம்பு சரியில்லை" என்ற ஒரு பக்கக் கிளினிக் கடிதம் குறுக்கு விசாரணையில் நிற்காது.

வங்கிக் கணக்கு அனைத்தும் என்றால் அனைத்தும்தான். மூடிய கணக்கு, கூட்டுக் கணக்கு, யுபிஐ இணைத்த சிறு கணக்கு எல்லாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது நீங்கள் காட்டாத கணக்கைத்தான். ஒன்று அகப்பட்டால் மீதி உண்மையும் எடுபடாது. நண்பர்களிடம் கைமாற்று வாங்கிய வரவுகள் கணக்கில் தெரிந்தால், அவை வருமானமா கடனா என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் மொத்தத்தையும் வருமானம் என்று கூட்டிக் காட்டுவார்கள்.

சொந்தக் கடன்களின் மாதத் தவணைகளைச் செலவுப் பட்டியலில் எழுதி அதனால் முடியவில்லை என்பது இன்னொரு வழக்கமான தவறு. வருமானத்திலிருந்து நீதிமன்றம் கழிக்க ஒப்புவது வருமான வரி, கட்டாய பி.எஃப். போன்ற சட்டப்படியான பிடித்தங்களை. வண்டிக் கடன், தனிநபர் கடன், சீட்டு, ஆயுள் காப்பீடு எல்லாம் நீங்களாக ஏற்றுக்கொண்டவை, குழந்தைக்குப் பிறகுதான் அவை என்பதே அங்கே உள்ள பார்வை. மருத்துவக் கடன் மாதிரி தவிர்க்க முடியாததற்குக் கொஞ்சம் செவி சாய்ப்பார்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வேலையை நீங்களாக ராஜினாமா செய்தீர்களா, நிறுவனம் மூடியதா என்பது எல்லாவற்றையும் மாற்றும். உங்கள் விஷயத்தில் மூடியது, அது பலம். தானாக விலகியவர் என்றால் கொடுக்காமல் தப்பிக்கச் செய்தது என்று எடுத்துக்கொண்டு, பழைய சம்பளத்தையே சம்பாதிக்கும் திறனாக வைத்துத் தொகை போட இடமிருக்கிறது. உடல் திடமுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இலும் திரும்பச் சொல்லியிருக்கிறது. அதனால் வருமானமே இல்லை, பூஜ்யம் என்று கேட்கும் மனுக்கள் தேறுவது அபூர்வம். 31,000 இருந்தது 14,000 ஆகிவிட்டது என்று காட்டும் மனுவுக்கு வாய்ப்பு உண்டு.

தாய்வழி:

நான் குழந்தை தரப்பில் இந்த மனுக்களைப் பார்ப்பவள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரிந்துகொண்டு போனால் இருவருக்கும் நேரம் மிச்சமாகும், குழந்தைக்கும் பணம் சீக்கிரம் போய்ச் சேரும்.

வருமானம் குறைந்தது உண்மைதான் என்று காகிதம் காட்டினால் பெரும்பாலான தாய்மார்கள் தவணைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: இடைப்பட்ட மாதங்களில் ஒன்றுமே வராதது. ஐந்து மாதம் 3,000 அனுப்பிவிட்டு ஒன்பது மாதம் சும்மா இருந்தது ஏன் என்பதுதான் உங்களிடம் முதலில் கேட்கப்படும். அந்த ஒன்பது மாதத்தில் உங்கள் கணக்கில் என்ன வந்தது, எங்கே போனது என்று பதில் தயாராக இருக்கட்டும். 125(3)-இல் "போதிய காரணம் இன்றி" என்ற சொற்கள் இருக்கின்றன. சிறையா அவகாசமா என்ற முடிவு அந்தச் சொற்களைச் சுற்றித்தான்.

தவணைத் திட்டம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன். பாக்கி 1,12,000, யுபிஐ 15,000 போக 97,000. முதல் வாய்தாவில் 25,000 கட்டுகிறேன், மீதி 72,000-ஐ மாதம் 3,000 வீதம் 24 மாதத்தில் கட்டுகிறேன், நடப்பு மாதத்துக்கு 5,000 தருகிறேன் என்று எழுதினால் மாதம் 8,000 ஆகிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது. 146 மனுவில் உத்தரவு வரும் வரை நடப்புத் தொகை 8,000-தான். நீங்கள் நடப்புக்கு 5,000 கொடுத்தால் மாதம் 3,000 புதுப் பாக்கி ஏறும். பழையதில் 3,000 கரைய, புதிதில் 3,000 ஏற, ஓராண்டு கழித்தும் அதே இடத்தில் நிற்பீர்கள். அதனால் தொகை மாற்ற மனு முடியும் வரை நடப்புத் தொகையை இடைக்காலமாகக் குறைத்துத் தரும்படி அந்த மனுவிலேயே தனிக் கோரிக்கை வையுங்கள். கிடைக்காவிட்டால், வரும் பணம் முதலில் நடப்பு மாதத்துக்கு, பிறகு பாக்கிக்கு என்று மெமோவில் எழுதிக்கொள்ளுங்கள்.

"மொத்தமாக 8,000 கொடுக்க முடிகிறவருக்கு எதற்குக் குறைப்பு?" என்று நாங்கள் நிச்சயமாகக் கேட்போம். 24 மாதத்துக்குச் சாப்பாடு, வாடகை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள், யார் வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்பதைப் பத்திரத்தில் எழுதினால் அதற்குப் பதில் இருக்கும். முடியாத தவணையை எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் தவறுவது மிக மோசம். தவணை உத்தரவை மீறினால் அடுத்த முறை அவகாசம் கேட்க வாய் எழாது. 3,000 சந்தேகம் என்றால் 2,000 எழுதுங்கள், 36 மாதம் கேளுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 146 குறைப்பதற்கு மட்டும் உள்ள பிரிவு இல்லை, கூட்டவும் அதே பிரிவுதான். நீங்கள் குறைப்புக் கேட்டுப் போட்டால், ஏழு வயதுக் குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் ஏறிவிட்டது என்று எதிர் மனு வரலாம். கல்விச் செலவைச் சாதாரணமாகத் தந்தையே ஏற்க வேண்டும், தாய் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதாசாரப்படி பகிரலாம் என்பது மேலே நகல்பிரிவு சொன்ன 2020 தீர்ப்பிலேயே இருக்கிறது. தாய் வேலையில் இருந்தால் அந்த வருமானத்தை அவரும் அதே படிவத்தில் காட்டியாக வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை, நாகரிகமாகக் கேளுங்கள்.

குழந்தையைப் பார்க்க விடவில்லை, அதனால் கட்டவில்லை என்று மட்டும் எதிருரையில் எழுத வேண்டாம். பார்க்கும் உரிமைக்குத் தனி மனு உண்டு. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று ஈடாக வைத்துப் பேசினால், குழந்தையின் சாப்பாட்டுக் காசைப் பணயம் வைக்கிறீர்கள் என்றுதான் தெரியும். தாய் மறுமணம் செய்துகொண்டாலும் இதே கதைதான். அவருக்கான தொகை நிற்குமே தவிர, குழந்தைக்கானது நிற்காது.

ஏரிக்கரை:

இடையில் ஒரு சின்னத் தகவல். திவால் மனு போட்டால் எல்லாக் கடனும் போய்விடும், இதுவும் போய்விடும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். போகாது. 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் ஜீவனாம்சப் பொறுப்பு "விலக்கப்பட்ட கடன்" பட்டியலில் இருக்கிறது, பழைய 1920 சட்டத்திலும் விடுவிப்பு இதற்குக் கிடையாது. கடன் கொடுத்த நிறுவனங்களின் உரிமைக்கும் முன்னால் ஜீவனாம்சம் நிற்கும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றி வைப்பதும் பயன்படாது. இலவசமாகவோ, விஷயம் தெரிந்தவருக்கோ மாற்றினால் சொத்து மாற்றுரிமைச் சட்டம் 39-ஐக் காட்டி வாங்கியவர் கையிலிருந்தும் கேட்க வழியிருக்கிறது.

வடக்குவீதி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வீடு, நிலம் எதுவும் இல்லை. முதல் வாய்தாவுக்கு 25,000 புரட்டிவிடலாம். இன்னும் மூன்று சந்தேகம். வாய்தாவுக்கு ஒருமுறை போக முடியாமல் போனால் என்ன ஆகும்? வாரண்ட், சிறை என்பதெல்லாம் எந்த வரிசையில் வரும்? தாய் பணத்தை வாங்க மறுத்தால் எங்கே கட்டுவது?

கருப்பங்கி:

வரிசை முதலில். சட்ட வாசகப்படி, போதிய காரணம் இல்லாமல் கட்டத் தவறினால், அபராதம் வசூலிக்கும் முறையில் வாரண்ட் போட வேண்டும். அதாவது அசையும் பொருள் ஜப்தி, அல்லது கலெக்டர் வழியாக நில வருவாய்ப் பாக்கி போல வசூல். அதை நிறைவேற்றிய பிறகும் தொகை நிற்குமானால் சிறை, ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் கட்டினால் கட்டும் வரை. முதல் படியைத் தாண்டி நேராகக் கைது வாரண்ட் போட்டதை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்ததுண்டு. ஆனால் நடைமுறையில் நீங்கள் அதிகம் எதிர்கொள்ளப்போவது இன்னொரு வாரண்ட்: நோட்டீஸ் பெற்றும் ஆஜராகாததற்குப் போடும் பிடிவாரண்ட். பல பேர் உள்ளே போவது பாக்கிக்காக அல்ல, வாய்தாவுக்கு வராததால்.

ஆகவே வாய்தாவைத் தவற விடாதீர்கள். போகவே முடியாத நாளில் வக்கீல் வழியாக, காரணத்துக்கான காகிதத்தோடு, ஆஜர் விலக்கு மனு அன்றே கொடுக்கப்பட வேண்டும். பிடிவாரண்ட் விழுந்துவிட்டால் போலீஸ் வரும் வரை காத்திருக்காமல், அடுத்த வேலை நாளே நேரில் சரணாகி, வாரண்டைத் திரும்பப் பெறும் மனு போடுங்கள். கையில் ஒரு தொகையோடு போனால் அதே நாளில் திரும்பப் பெற்றுவிட வாய்ப்பு அதிகம். வெறுங்கையோடு போனால் கடினம்.

சிறைக்குப் போய்விட்டால் கடன் தீர்ந்தது என்ற நம்பிக்கை தவறு. சிறை என்பது கட்டவைக்கும் வழி, கட்டியதற்கு ஈடு இல்லை என்று (1989) 1 எஸ்.சி.சி. 405 தெளிவாகச் சொல்கிறது. வெளியே வந்த பிறகும் முழுப் பாக்கியும் நிற்கும். ஒரு மாதத்துக்கு மேல் கூடாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒவ்வொரு மாதத் தவறுக்கும் ஒரு மாதம் என்று கணக்கிட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கிறது. முப்பது நாள்தானே என்று எண்ணி உட்கார வேண்டாம்.

சிவில் வழியில் வசூலுக்குப் போனால் சம்பளப் பிடித்தம் வரும். சாதாரணக் கடன் தீர்ப்பில் சம்பளத்தின் பெரும்பகுதி பாதுகாப்பாக இருக்கும். ஜீவனாம்சத்தில் சிவில் நடைமுறைச் சட்டம் 60-இன்படி மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. 14,000-இல் 9,300 வரை பிடிக்க இடமுண்டு. முதலாளிக்கு நீதிமன்றக் கடிதம் போனால் ஒப்பந்த வேலை நிலைக்குமா என்பதையும் யோசித்து, அதற்கு முன்பே தவணைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

146 மனு தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம், 90 நாள் கெடு. தடையாணை கேட்டால் பாக்கியில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு வரச் சொல்வதே வழக்கம். கட்டப் பணம் இல்லாமல் அங்கே போவதில் பயனில்லை.

உங்களுக்குப் பொருந்தாது, படிப்பவர்களுக்காக ஒரு வரி: ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்திருந்தால், தகுந்த காரணம் காட்டி மூன்று மாதத்துக்குள் அதை நீக்கக் கேட்கலாம். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போனதால் தெரியாமல் போயிற்று என்றால், தெரிந்த தேதியை நிரூபிக்கும் காகிதத்தோடு தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இலவசச் சட்ட உதவி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் கிடைக்கும். ஆண்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கு அதே போல. மற்றவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு. உங்கள் இப்போதைய வருமானத்துக்குக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, சம்பளச் சீட்டோடு போங்கள்.

தாய்வழி:

சமரச மையத்துக்கு அனுப்பும்படி முதல் வாய்தாவிலேயே கேளுங்கள். இரண்டு அமர்வில் தவணை முடிவாகிவிடும் வழக்குகள் நிறைய. ஆனால் "பாக்கி எதுவும் வேண்டாம், இத்தோடு முடித்துக்கொள்கிறோம்" என்று தாய் கையெழுத்துப் போட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தாய் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் பராமரிப்பு உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, பின்னாளில் குழந்தை தரப்பில் திரும்பவும் மனு வரலாம். சமரசத்தில் தொகை, தேதி, கணக்கு எண், தவறினால் என்ன என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும்.

நகல்பிரிவு:

பணம் கட்டும் வழி பற்றிய கடைசிக் கேள்விக்கு. உத்தரவிலோ மனுவிலோ தாயின் வங்கிக் கணக்கு எண் இருந்தால் அதிலேயே போடுங்கள். மறுக்க வழியே இல்லை, தேதியும் தானாகப் பதிவாகும். கணக்கு எண் கொடுக்க மறுத்தால், "கணக்கு எண் தரும்படி உத்தரவிட வேண்டும், அதுவரை நீதிமன்றத்தில் செலுத்த அனுமதி வேண்டும்" என்று ஒரு சிறு மனு. அனுமதி கிடைத்ததும் செல்லான் பெற்று வங்கியில் கட்டி, கட்டிய செல்லானின் பிரதியை வழக்குக் கட்டில் சேர்க்க மெமோ கொடுக்க வேண்டும். செல்லானைப் பையிலேயே வைத்துக்கொண்டால் பணம் நீதிமன்றக் கணக்கில் கிடக்கும், உங்கள் வழக்கில் பாக்கி நின்றுகொண்டே இருக்கும். பணம் கட்டியதை எதிர்த்தரப்புக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், அவர்கள் மனுப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். கையில் ரொக்கமாகக் கொடுப்பது, உறவினர் மூலம் கொடுத்தனுப்புவது இரண்டையும் இனி செய்யாதீர்கள். அப்படிக் கொடுத்ததை நிரூபிப்பது கடினம்.

25,000-ஐ முதல் வாய்தாவில் டி.டி.யாக எடுத்துக்கொண்டு போவது நல்லது, குழந்தைக்காகத் தாயின் பெயரில். தாய் வரவில்லை என்றால் அவருடைய வக்கீலிடம் நீதிபதி முன்னால் கொடுத்து, வாய்தாக் குறிப்பில் "25,000 செலுத்தப்பட்டது" என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். அன்று மாலையே அந்தக் குறிப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.